தண்டனை விகிதத்தை வைத்து ஒரு அரசு வழக்கறிஞரை எடை போட முடியுமா?

தெற்குவீதி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். டெல்டாப் பக்கம் ஒரு மாவட்டத் தலைநகரத்திலிருந்து எழுதுகிறேன், ஊர்ப் பெயர் வேண்டாம். பகலில் உரக்கடை, சாயங்காலத்தில் உள்ளூர் மாத இதழ் ஒன்றுக்கு கோர்ட் செய்தி எழுதுவது என்று ஓடுகிறது.

எங்கள் மாவட்ட அமர்வு நீதிமன்றத்தின் பி.பி.க்கு, அதாவது அரசு வழக்கறிஞருக்குப் பிறந்தநாள் வந்தது. கட்சிக்காரர்கள் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். 'தண்டனை விகிதத்தை உயர்த்திய செயல்வீரரே' என்று போட்டிருந்தது. அடுத்த வாரமே எதிர்த்தரப்பு கூட்டம் போட்டு, 'இவர் பதவிக்கு வந்த பிறகுதான் மாவட்டத்தில் கொலையும் வழிப்பறியும் கூடிவிட்டது' என்று பேசினார்கள். இரண்டு தரப்புமே கையில் தாளை வைத்துக்கொண்டு நம்பர் சொல்கிறார்கள். இரண்டு நம்பருமே நிஜம்தான், விசாரித்துவிட்டேன். அப்படியென்றால் அந்த மனிதர் நன்றாக வேலை செய்கிறாரா, இல்லையா?

இதைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார் எங்கள் ஆசிரியர். எந்தப் புள்ளிவிவரத்தைப் பார்ப்பது, எதை ஒதுக்குவது, எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் குறை சொல்லக்கூடாது. என் அத்தையின் தாலிச் செயினைப் பறித்த வழக்கு போன வருடம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் விடுதலையில் முடிந்தது. கூண்டில் ஏறுகிறவரை அத்தையிடம் அரசுத் தரப்பில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. 'இந்த செயின் உங்களுடையதா?' 'ஆமாம்.' 'பறித்தவர் இவர்தானா?' 'ஆமாம்.' அதோடு உட்கார்ந்துவிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, 'இவரை முதலில் ஸ்டேஷனில் வைத்துத்தானே உங்களுக்குக் காட்டினார்கள்?' என்றார். அத்தை அதற்கும் 'ஆமாம் சார்' என்றார். வழக்கு அங்கேயே செத்துவிட்டது.

---

எண்கணக்கு பதில்:

முதலில் அந்த எதிர்த்தரப்பு நம்பரைத் தூரப் போடுங்கள். பதிவான குற்றங்களின் எண்ணிக்கைக்கும் பி.பி.க்கும் சம்பந்தம் மிகக் குறைவு. வழக்குப் பதிவது போலீஸ். பி.பி.யின் கைக்கு அது வந்து சேரும்போது சம்பவம் நடந்து இரண்டு மூன்று வருடமாவது ஆகியிருக்கும்.

அந்த எண்ணிக்கை எப்படியெல்லாம் ஆடும் என்பதற்குத் தமிழ்நாடே நல்ல சாட்சி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2019-ல் இங்கே பதிவான இ.பி.கோ. வழக்குகள் 1.68 லட்சம். 2020-ல் 8.91 லட்சம். 2021-ல் 3.22 லட்சம். ஒரே வருடத்தில் மாநிலம் முழுக்க ஐந்து மடங்கு ரவுடிகள் முளைத்துவிட்டார்களா என்ன? ஊரடங்கில் வண்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர்கள் மேலெல்லாம், அரசு உத்தரவை மீறியதற்கான 188-வது பிரிவில் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள், அவ்வளவுதான். 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் பழனிசாமி, சுமார் 10 லட்சம் ஊரடங்கு வழக்குகள் திரும்பப் பெறப்படும் என்று அறிவித்தார். அந்த வருடங்களை இடையில் வைத்து 'குற்றம் கூடியது, குறைந்தது' என்று கோடு போட்டால் எந்தக் கதையை வேண்டுமானாலும் சொல்லலாம்.

இன்னொன்று. கொள்ளையடித்துக் கொலையும் செய்தால் காப்பகக் கணக்கில் அது கொலை என்ற ஒரே தலைப்பில்தான் ஏறும். ஒரு எஃப்.ஐ.ஆரில் எத்தனை பிரிவு இருந்தாலும் பெரிய குற்றம் எதுவோ அதுவே கணக்கு. அதனால் வழிப்பறிக் கணக்கைத் தனியாக எடுத்துப் பேசும்போது ஜாக்கிரதை.

தண்டனை விகிதம் என்பது, அந்த வருடத்தில் விசாரணை முடிந்த வழக்குகளில் எத்தனைக்குத் தண்டனை கிடைத்தது என்பது. முடிந்தவற்றில் மட்டும். முடியாமல் கிடக்கிறவை அந்தக் கணக்கிலேயே இல்லை. நாடு முழுக்க இ.பி.கோ. வழக்குகளில் இது 2020-ல் 59.2 சதவீதம், 2021-ல் 57, 2022-ல் 54.2. நாட்டில் உள்ள அரசு வழக்கறிஞர்கள் எல்லாம் வருடா வருடம் மோசமாகிக்கொண்டே போனார்கள் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. கோர்ட் பாதி நாள் மூடிக்கிடந்த வருடத்தில் எந்த மாதிரி வழக்குகள் முடிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

---

கருப்புக்கோட்டு பதில்:

நான் டிஃபென்ஸ் பக்கம், குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடுகிற வக்கீல். எங்கள் ஆட்கள் எந்த பி.பி.யைக் கண்டால் பயப்படுவோம் என்று சொல்கிறேன், அதுதான் சரியான அளவுகோல் என்பது என் கட்சி.

சத்தம் போடுகிற பி.பி.யைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. இருபத்தைந்து சாட்சி போட்ட சார்ஜ்ஷீட்டில் 'இந்தப் பத்துப் பேர் போதும், மற்றவர்கள் வேண்டாம்' என்று மெமோ கொடுக்கிறவரைக் கண்டால் பயம். ஒரே விஷயத்தை ஐந்து பேர் சொன்னால் ஐந்து விதமாகச் சொல்வார்கள், அந்த ஓட்டையில்தான் எங்கள் பிழைப்பு நடக்கிறது.

அடுத்தது பிறழ் சாட்சி. சாட்சி புரண்டவுடன் 'ஹாஸ்டைல்' என்று சொல்லிவிட்டு, நாலு சம்பிரதாயக் கேள்வி கேட்டு உட்காருகிறவர்கள்தான் அதிகம். நல்ல பி.பி. அப்படி விடமாட்டார். போலீஸிடம் அந்தச் சாட்சி சொன்ன வாக்குமூலத்தில் எந்த வரி முக்கியமோ அதை வரிவரியாக வைத்துக் கேட்பார். பிறகு விசாரணை அதிகாரி கூண்டேறும்போது, 'இந்தச் சாட்சி என்னிடம் இப்படித்தான் சொன்னார்' என்று அதே வரிகளை அவர் வாயால் வாங்குவார். இந்த இரண்டாவது பாதியை எத்தனை பேர் மறக்கிறார்கள் தெரியுமா? அது எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. தீர்ப்பைப் படித்தால் தெரியும்.

---

ஓய்வு_ஏபிபி பதில்:

தெற்குவீதித் தம்பிக்கு வணக்கம். டி.என்.பி.எஸ்.சி. எழுதி ஏ.பி.பி.யாக (உதவி அரசு வழக்கறிஞராக) வந்து, மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளிலேயே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் அத்தையின் வழக்கைப் படித்ததும் அந்த ஏ.பி.பி.யின் அன்றைய மேசை என் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நிற்கிற ஏ.பி.பி. துறையின் நிரந்தர ஊழியர். செஷன்ஸ் கோர்ட்டில், அதாவது அமர்வு நீதிமன்றத்தில் நிற்கிற பி.பி. அரசு நியமனம், ஏழு வருடம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும், கலெக்டர் மாவட்ட நீதிபதியோடு கலந்து பட்டியல் தயாரிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் ஆட்சி மாறினால் பி.பி. மாறுவார், இது ஊருக்கே தெரியும். அதனால் இவர் வந்த முதல் இரண்டு வருடத்தில் கிடைத்த தண்டனைகளில் பாதிக்கு மேல் முந்தைய பி.பி. சாட்சி விசாரித்த வழக்குகளாக இருக்கும். இவர் வாதம் மட்டும் செய்திருப்பார். ஃப்ளெக்ஸில் அது வராது.

சரி, அந்த ஃப்ளெக்ஸ் விகிதம் எப்படி உயரும் என்று சொல்கிறேன்.

ஒரு கோர்ட்டில் ஒரு வருடம் நூறு வழக்கு முடிகிறது என்று வையுங்கள். அதில் அறுபது சில்லறை வழக்கு: கடை மூடிய பிறகு பாட்டில் விற்றது, சீட்டாடியது, அந்த வகை. வருகிறவர் 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் ஐயா' என்று சொல்லி அபராதம் கட்டிவிட்டுப் போவார். ஒவ்வொன்றும் ஒரு தண்டனை. மீதி நாற்பது, சாட்சி வைத்துப் போராடிய வழக்கு. அதில் பத்தில் தண்டனை. மொத்தம் எழுபது சதவீதம். அடுத்த வருடம் ஸ்டேஷனில் 'கேஸ் காட்டு' என்று மேலிடத்து நெருக்கடி வருகிறது, சில்லறை வழக்கு நூற்று அறுபது ஆகிறது. போராடிய வழக்கு அதே நாற்பது, தண்டனை அதே பத்து. இப்போது விகிதம் எண்பத்தைந்து. ஏ.பி.பி. கூடுதலாக என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. நான் பணியில் இருந்தபோது மாதாந்திரக் கூட்டத்துக்கு இந்த மொத்தக் கணக்கைத்தான் கொண்டுபோவோம். நானே அதில் பாராட்டு வாங்கியிருக்கிறேன். வாங்கிக்கொண்டு சிரித்திருக்கிறேன்.

அதனால் ஆர்.டி.ஐ. போட்டால் 'தண்டனை விகிதம் என்ன' என்று கேட்காதீர்கள். 'சாட்சி விசாரணை நடந்து தீர்ப்பான வழக்குகள் எத்தனை, அவற்றில் தண்டனை எத்தனை, ஒப்புதலின் பேரில் தண்டனை எத்தனை' என்று பிரித்துக் கேளுங்கள். செஷன்ஸ் கோர்ட்டில் ஒப்புதல் வழக்கு அபூர்வம், அதனால் உங்கள் பி.பி.யின் சொந்தக் கோர்ட்டு எண் கொஞ்சம் சுத்தமாக இருக்கும். ஆனால் ஃப்ளெக்ஸ்காரர்கள் மாவட்டம் முழுவதற்குமான எண்ணை எடுத்துப் போட்டிருப்பார்கள் என்றே சந்தேகப்படுகிறேன். அதைச் சரிபாருங்கள்.

நிலுவைக் கணக்கிலும் இதே மாதிரி உள்கூத்து உண்டு. ஐந்து பேர் மேல் வழக்கு, ஒருவன் தலைமறைவு. மற்ற நான்கு பேருக்காக வழக்கைப் பிரித்துப் புது நம்பர் கொடுப்பார்கள். ஒரு வழக்கு இரண்டாகிவிட்டது. ஆளே கிடைக்காது என்று தெரிந்தால் எல்.பி.சி. என்கிற நீண்டகால நிலுவை வழக்குப் பதிவேட்டுக்குத் தள்ளுவார்கள், நிலுவையில் ஒன்று குறையும். நிலுவை குறைந்தது என்று யாராவது சொன்னால், தீர்ப்பாகிக் குறைந்ததா, எல்.பி.சி.யில் போய்க் குறைந்ததா, லோக் அதாலத்தில் சமாதானமாகிக் குறைந்ததா என்று கேளுங்கள். சமாதானமான வழக்கு சட்டப்படி விடுதலைக்குச் சமம். ஆனால் அடிதடியில் இரண்டு பங்காளிகள் கைகொடுத்துக்கொண்டு போனால் அது யாருடைய தோல்வியும் இல்லை.

நீதிபதியையும் கணக்கில் வையுங்கள். எங்கள் வட்டாரத்தில் 'கன்விக்‌ஷன் ஜட்ஜ்', 'அக்விட்டல் ஜட்ஜ்' என்று பேச்சு உண்டு. கோடை விடுமுறையை ஒட்டி மாற்றல் வரும். அதே பி.பி., அதே போலீஸ், ஜூனுக்குப் பிறகு விகிதம் தலைகீழாக மாறுவதைப் பார்த்திருக்கிறேன். வருடக் கணக்கை நீதிபதி மாறிய தேதியில் வெட்டிப் பாருங்கள்.

இதையெல்லாம் கழித்துவிட்டால் பி.பி.யின் கையில் என்னதான் இருக்கிறது? எனக்குத் தெரிந்து ஒரே ஒரு எண், வெளியிலிருந்து பார்க்கிறவர் எடுக்கக்கூடியது, அவருடைய வேலையை ஓரளவு நேராகக் காட்டும். அரசுத் தரப்பு சாட்சியைக் கேட்கும் முதல் விசாரணைக்கும், எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் குறுக்கு விசாரணைக்கும் இடையே எத்தனை நாள் போனது என்பது.

விளக்குகிறேன். சாட்சி வந்து காலையில் முதல் விசாரணையில் எல்லாவற்றையும் சொல்கிறார். எதிர்த்தரப்பு ஜூனியர் எழுந்து, 'சீனியர் ஐகோர்ட்டில் இருக்கிறார், குறுக்கு விசாரணைக்கு வாய்தா வேண்டும்' என்பார். பி.பி. ஆட்சேபம் சொல்லலாம், சொல்ல வேண்டும். சொல்லாமல் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தால் வழக்கு அடுத்த மாதம் போகும், அங்கிருந்து அதற்கடுத்த மாதம். அந்த இடைவெளியில் சாட்சியின் வீட்டுக்கு ஆள் போவான். திரும்ப வரும்போது சாட்சி, 'இருட்டில் சரியாகப் பார்க்கவில்லை' என்பார். 2015-ல் வினோத் குமார் எதிர் பஞ்சாப் அரசு தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இந்தப் பழக்கத்தைத்தான் கடுமையாகக் கண்டித்தது. முதல் விசாரணை முடிந்த அன்றே, முடியாவிட்டால் மறுநாளே குறுக்கு விசாரணை நடக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய பி.என்.எஸ்.எஸ். சட்டத்திலும் 346-வது பிரிவில் வாய்தாவுக்கு வரம்பு போட்டிருக்கிறார்கள்.

இதை நீங்கள் ஈ-கோர்ட்ஸ் தளத்திலேயே பார்க்கலாம். வழக்கு எண்ணைப் போட்டால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அன்று என்ன நடந்தது என்று ஒரு வரி இருக்கும். 'அ.சா.1 முதல் விசாரணை முடிந்தது, குறுக்கு விசாரணைக்காக' என்று இருக்கிற தேதியையும் (அ.சா. என்றால் அரசுத் தரப்புச் சாட்சி), 'அ.சா.1 குறுக்கு விசாரணை முடிந்தது' என்கிற தேதியையும் குறித்துக்கொண்டு கழித்தால் போதும். ஒரு வருடத்தில் தீர்ப்பான செஷன்ஸ் வழக்குகளை எடுத்து இதைச் செய்யுங்கள். சலிப்பான வேலைதான். எல்லாக் கோர்ட்டிலும் அந்த வரியை ஒழுங்காக ஏற்றமாட்டார்கள், பெஞ்ச் கிளார்க்கைப் பொறுத்தது. இருந்தாலும் பெரும்பாலானவற்றில் கிடைக்கும். பி.பி. ஆட்சேபித்தும் கோர்ட் வாய்தா கொடுத்திருக்கலாம் என்று அவர் சொல்வார். உண்மையாக இருக்கலாம். அப்படியானால் ஆட்சேபம் எங்கே பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள்.

அடுத்து, கருப்புக்கோட்டு சொன்னது போல, தீர்ப்புகளைப் படியுங்கள். விடுதலைத் தீர்ப்புகளை மட்டும் எடுத்து, ஏன் விடுதலை என்று ஓரத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டே வாருங்கள். கொஞ்ச நேரத்தில் குவியல் குவியலாகப் பிரிந்துவிடும். தடய அறிவியல் அறிக்கை வரவில்லை, அடையாள அணிவகுப்பு நடத்தவில்லை என்பதெல்லாம் போலீஸ் குவியல். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் மாறுதலாகிப் போனார், அவருக்குச் சம்மனே போகவில்லை. பொருளைக் கோர்ட்டில் சான்றுப் பொருளாகக் குறியிடவில்லை. பிறழ் சாட்சியின் வாக்குமூலத்தை அதிகாரி மூலம் நிரூபிக்கவில்லை. இது பி.பி. குவியல்.

நடுவில் ஒரு குவியல் வரும், அதுதான் சிக்கல். மகஜர் சாட்சி, அதாவது போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றியபோது எழுதிய குறிப்பில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர். நம்மூரில் ஒப்புதல் வாக்குமூலத்துக்கும் பறிமுதல் மகஜருக்கும் பெரும்பாலும் வி.ஏ.ஓ.வும் அவருடைய தலையாரியும்தான் சாட்சி. ஒருமுறை ஒரு வி.ஏ.ஓ. என் முன்னால் கூண்டேறினார். முதல் விசாரணையில் ஓடைக்கரை, பனைமரம், மஞ்சள் பை எல்லாம் சரியாகச் சொன்னார். குறுக்கு விசாரணையில் ஒரே கேள்வி: 'மகஜர் எழுதிய இடத்தில் எதன்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டீர்கள்?' 'மேசை மேல்' என்றார். ஓடைக்கரையில் ஏது மேசை! மாஜிஸ்திரேட் பேனாவை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். இதில் குற்றம் யாருடையது? ஸ்டேஷனில் உட்கார்ந்து மகஜர் எழுதிய இன்ஸ்பெக்டருடையது. ஆனால் சாட்சியைக் காலையில் கூப்பிட்டுப் பேசியிருந்தால் இந்த மகஜர் நிற்காது என்று எனக்கு முன்பே தெரிந்திருக்கும், அதை நம்பாமல் வேறு சாட்சியத்தில் வழக்கை நிறுத்தப் பார்த்திருக்கலாம். அன்றைக்கு எனக்கு மூன்று கோர்ட் பொறுப்பு. இரண்டு இடம் காலி, ஆள் போடவில்லை. எந்த ஏ.பி.பி.யை எடை போடுவதென்றாலும் அவர் கையில் எத்தனை கோர்ட் இருந்தது என்பதை முதல் வரியில் எழுதுங்கள்.

தண்டனை வாங்கினால்தான் நல்ல பி.பி. என்கிற எண்ணத்தோடு கட்டுரையை ஆரம்பிக்காதீர்கள். எப்படியாவது தண்டனை வாங்கியே தீருவேன் என்கிற வேகம் அரசு வழக்கறிஞருக்குக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1999-ல் சிவ்குமார் எதிர் ஹுக்கம் சந்த் வழக்கில் சொல்லியிருக்கிறது. எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆவணம் ஃபைலில் இருந்தால் அதையும் கோர்ட் முன் வைக்க வேண்டியவர் அவர். பொய் வழக்கு என்று தெரிந்து, அதை இழுக்காமல் விட்டவருக்குப் புள்ளிவிவரத்தில் ஒரு தோல்விதான் ஏறும்.

எண்ணிக்கை என்பது எவ்வளவு குருட்டுத்தனமானது என்பதற்கு கோகுல்ராஜ் வழக்கை விடப் பொருத்தமாக ஒன்று எனக்குத் தோன்றவில்லை. 2015 ஜூனில் நடந்த கொலை. முக்கிய சாட்சியான தோழியே கூண்டில் புரண்டுவிட்டார். கோகுல்ராஜின் தாயார் போராடியதால் வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரை சிறப்பு நீதிமன்றத்துக்குப் போனது, சிறப்பு அரசு வழக்கறிஞராக பவானி பா. மோகன் நியமிக்கப்பட்டார். திருச்செங்கோடு கோயிலின் சிசிடிவி பதிவு உள்ளிட்ட சாட்சியங்களை வைத்து 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள். 2023 ஜூனில் ஐகோர்ட்டும் அதைப் பெரும்பாலும் உறுதி செய்தது, இருவருக்கு மட்டும் தண்டனையைக் குறைத்தது. காப்பகத்தின் கணக்கில் இது என்ன? ஒரு கொலை வழக்கு, தண்டனை, எண்ணிக்கை ஒன்று. சீட்டாடி அபராதம் கட்டியதும் ஒன்றுதான். அமர்வு கோர்ட்டில் வாங்கிய தண்டனை மேலே நிற்கிறதா என்பதையும் யாரும் திரும்பி வந்து கணக்கில் திருத்துவதில்லை. உடுமலை சங்கர் வழக்கில் 2017-ல் ஆறு பேருக்குத் தூக்கு என்றது திருப்பூர் கோர்ட். 2020-ல் ஐகோர்ட் முதல் எதிரியை விடுதலை செய்து, மற்ற ஐவருக்குத் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. எனவே உங்கள் பி.பி. வாங்கிய பெரிய தண்டனைகள் ஐகோர்ட்டில் என்ன ஆயின என்பதையும் தேடிப் பாருங்கள்.

ஆர்.டி.ஐ.யில் இன்னொன்றும் கேளுங்கள். 2014 ஜனவரியில் குஜராத் அரசு எதிர் கிஷன்பாய் தீர்ப்பில், ஒவ்வொரு விடுதலையையும் ஆராய்ந்து யாருடைய தவறு என்று பொறுப்பு நிர்ணயிக்க மாநிலங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் மாவட்டத்தில் அந்த ஆய்வுக் கூட்டம் எத்தனை முறை கூடியது, எத்தனை விடுதலைகளை ஆராய்ந்தது, எத்தனையில் அப்பீல் போகலாம் என்று பி.பி. கருத்து கொடுத்தார்? பதில் வந்தால் அதுவே பாதிக் கட்டுரை. வராவிட்டால் அதையும் எழுதுங்கள்.

---

கலிஃபோர்னியாக்காரன் பதில்:

இங்கே அரசு வழக்கறிஞரை நாங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதால் இந்தச் சண்டை எனக்குப் பழகிப்போன ஒன்று. சான் பிரான்சிஸ்கோவில் சேசா பூடின் என்பவர் 2020 ஜனவரியில் பதவிக்கு வந்தார். 2022 ஜூனில் சுமார் 55 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டு அவரைத் திரும்ப அழைத்துவிட்டார்கள். அவரை எதிர்த்தவர்கள் கொலை எண்ணிக்கை கூடியதைக் காட்டினார்கள். ஆதரித்தவர்கள் திருட்டு குறைந்ததைக் காட்டினார்கள். கொரோனாவில் சுற்றுலாப் பயணிகளே இல்லை, கார் கண்ணாடியை உடைத்து யாருடைய பையைத் திருடுவது?

பிலடெல்பியாவில் லாரி கிராஸ்னர் 2018 முதல் அதே நாற்காலியில் இருக்கிறார். அங்கே 2021-ல் 562 கொலைகள், அந்த ஊரின் உச்சம். 2024-ல் 269. அதே ஆள், அதே கொள்கை. முதல் எண்ணுக்கு அவரைத் திட்டியவர்கள் இரண்டாவது எண்ணுக்குப் பாராட்டவில்லை. அவருடைய ஆட்கள் முதல் எண்ணுக்கு நாடு முழுக்க இதே நிலை என்றார்கள், இரண்டாவதற்கு மட்டும் மாலை போட்டுக்கொண்டார்கள்.

பாஸ்டன் பக்கம் மட்டும் ஒரு நல்ல ஆய்வு உண்டு. சின்னக் குற்றங்களில், எந்த உதவி வழக்கறிஞர் கையில் ஃபைல் விழுகிறது என்பது கிட்டத்தட்டக் குலுக்கல் மாதிரி என்பதைப் பயன்படுத்தி அகன், டோலியாக், ஹார்வி என்ற மூவர் செய்தது. வழக்குத் தொடராமல் விடப்பட்டவர்கள் அடுத்த இரண்டு வருடத்தில் மறுபடி குற்றத்தில் சிக்கும் வாய்ப்பு 53 சதவீதம் குறைவு என்று வந்தது. உங்கள் ஊரில் ஒரே வகை வழக்குகள் இரண்டு கூடுதல் அமர்வு நீதிமன்றங்களுக்கு வரிசைப்படி பிரிந்து போகிறதென்றால், இரண்டு கோர்ட்டு பி.பி.க்களை ஒப்பிட்டுப் பார்க்கலாமே?

---

ஓய்வு_ஏபிபி பதில்:

கலிஃபோர்னியாத் தம்பி, யோசனை நன்றாக இருக்கிறது. இங்கே ஆட்சி மாறினால் ஒரே கையெழுத்தில் இரண்டு பி.பி.யும் மாறுவார்கள், அது ஒப்பீட்டுக்கு வசதி. ஆனால் பெரிய வழக்குகளை மாவட்ட நீதிபதி தன்னிடமே வைத்துக்கொள்வார். கூடுதல் கோர்ட்டுகள் இரண்டை மட்டும் ஒப்பிடலாம், முதன்மைக் கோர்ட்டைச் சேர்க்காதீர்கள்.

---

தெற்குவீதி:

ஐயா, எல்லோருக்கும் நன்றி. ஃப்ளெக்ஸ் எண்ணை விசாரித்தேன். நீங்கள் சந்தேகப்பட்டது சரி, மாவட்டத்தின் எல்லாக் கோர்ட்டும் சேர்ந்த எண்ணைத்தான் போட்டிருக்கிறார்கள், மாஜிஸ்திரேட் கோர்ட்டு அபராத வழக்குகள் உட்பட.

இரண்டு சந்தேகம். ஆர்.டி.ஐ.யில் கேட்டால் 'வழக்கு நடவடிக்கையைப் பாதிக்கும்' என்று 8(1)(எச்) காட்டித் தள்ளிவிடமாட்டார்களா? அப்புறம், அத்தை வழக்கில் இனி ஏதாவது செய்ய முடியுமா?

---

ஓய்வு_ஏபிபி பதில்:

முடிந்துபோன வழக்குகளின் எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள், வழக்கு விவரம் கேட்காதீர்கள். தீர்ப்பான பிறகு பாதிக்கப்பட என்ன இருக்கிறது? அப்படியும் தள்ளினால் முதல் அப்பீல் போடுங்கள். அதற்குள் நீங்கள் ஈ-கோர்ட்ஸில் பாதி வேலையை முடித்திருப்பீர்கள். நீதிமன்றம், வருடம், முடிந்த வழக்குகள் என்று போட்டுத் தேடினால் பட்டியல் வரும், பெரும்பாலானவற்றில் தீர்ப்பின் பி.டி.எஃப். இருக்கும். சாட்சிகளின் பெயரை இதழில் எழுதாதீர்கள், விடுதலையானவர் பெயரையும்.

அத்தை விஷயம். பாதிக்கப்பட்டவரே விடுதலையை எதிர்த்து அப்பீல் போகலாம், 2009 கடைசியிலிருந்து அந்த உரிமை இருக்கிறது. பழைய சட்டத்தில் 372, இப்போது 413-வது பிரிவு. அரசு போகவில்லை என்பதற்காக நீங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. தாமதம் ஆகியிருக்கிறது, அதனால் இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள். ஸ்டேஷனில் வைத்துக் காட்டினார்கள் என்று அத்தையே சொல்லியிருப்பதால் அடையாளம் பலவீனம்தான், செயின் பறிமுதலை வைத்து நிற்க முடியுமா என்பதை அவர் தீர்ப்பைப் படித்துச் சொல்வார்.

ஒன்று மட்டும் கவனம். மாஜிஸ்திரேட் கோர்ட்டு விடுதலையை எதிர்த்து அத்தை போடும் அப்பீல் உங்கள் ஊர் அமர்வு நீதிமன்றத்துக்குத்தான் வரும். அங்கே அரசுத் தரப்பில் எழுந்து நிற்கப்போவது நீங்கள் எழுதப்போகிற அதே பி.பி. அப்பீல் போடுவதென்றால் கட்டுரையில் அதைச் சொல்லிவிடுங்கள், இல்லை கட்டுரையை வேறு ஒருவர் எழுதட்டும். கணக்கெடுக்கிற வேலையை மட்டும் நீங்கள் செய்து கொடுங்கள்.